மாளிகையின் பின்வாசல்

பட்டுப்புடவை எடுக்க ஒரு கல்யாணக் கூட்டம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் வெளியே போகாது. எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் கச்சபேசர் கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருந்தது எங்கள் தெரு. பெண்கள் கடைக்குள் உட்கார்ந்து புடவை புடவையாகப் பிரிக்கச் சொல்வார்கள். பிடித்ததை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் நிறம் பார்ப்பார்கள். அரக்கா, மெரூனா என்று தெருவில் போகிறவர்களிடம்கூட அபிப்பிராயம் கேட்பார்கள். கூட வந்த ஆண்கள் அலுத்துப்போய் என் வாடகை சைக்கிள் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். புடவை முடிந்ததும் குத்துவிளக்கு. அப்புறம் வளையல், குங்குமம், மஞ்சள். எல்லாம் வாங்கி முடிந்ததும் பசி. பசி வந்துவிட்டால் கோதண்டபாணி அண்ணன் கடைதான்.

அந்தக் கடைக்குப் பலகை கிடையாது. சாம்பார் வாசனையே வழிகாட்டும். கோதண்டபாணி அண்ணன் முன்னால் இலை போட்டுப் பரிமாறுவார். பின்கட்டில் அவர் மனைவி பெரியநாயகி அண்ணி அடுப்போடு இருப்பாள். காலையில் மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி. மந்தாரை இலையில் வெந்து, தொட்டால் நெய் கசியும். மதியத்துக்கு முருங்கைக்காய் சாம்பார், ஒரு கூட்டு, தெளிந்த ரசம், மோர். கோதண்டபாணி அண்ணன் சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார், இலையைத்தான் பார்ப்பார். இலையில் ரசம் ஓடும் முன்னால் சோற்றில் குழி வெட்டிக் கொடுப்பார்.

ஒரு சித்திரை மாதம், பொன்னேரிக்கரைக்குப் போகிற ரோட்டில், ரயில்வே கேட்டைத் தாண்டி, வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் மெட்ராஸ்காரர் ஒருவர் பெரிய கட்டடம் கட்டித் திறந்தார். பலகையில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை. மாளிகை என்றே சொன்னார்கள். கீழே முழுக்கப் பட்டு. மேலே பாத்திரம், வளையல், கல்யாணச் சாமான் எல்லாம். பக்கத்திலேயே மேஜை நாற்காலி போட்டு, மின்விசிறி சுற்றுகிற ஓட்டல். கார்களும் வேன்களும் நிற்க ஊர்த் திடல் போல இடம். வண்டியோட்டிகளுக்குச் சாப்பாடு இனாம். மெட்ராஸிலிருந்து வருகிற கூட்டம் அங்கேயே இறங்கியது, அங்கேயே எடுத்தது, அங்கேயே சாப்பிட்டது. சாமி கும்பிட மட்டும் ஊருக்குள் வந்துபோயிற்று.

எங்கள் தெருவுக்கு முதலில் விஷயம் புரியவில்லை. ஆடி மாதம், அதனால்தான் மந்தம் என்று சொல்லிக்கொண்டோம். ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் வந்தும் தெரு அப்படியே கிடந்தது. பாத்திரக் கடை மூடியது. பஸ் ஸ்டாண்டு வாசலில் வரிசையாக நின்ற டாக்சிகள் மாளிகைத் திடலுக்குப் போய்விட்டன. என் சைக்கிள்கள் வரிசையில் சாய்ந்தபடி தூசி படிந்து நின்றன.

எல்லாவற்றையும்விட கோதண்டபாணி அண்ணனைச் சுட்டது சிட்டிபாபு போனதுதான். எதிர்ச் சாரியில் இருந்த பட்டுக் கடையில் சிட்டிபாபு வருஷக்கணக்காக விற்பனைக்கு நின்றவன். தெலுங்கு பேசுகிற குடும்பம். அண்ணனுக்குச் சொந்தத் தம்பி மாதிரி. அந்தக் கடை படுத்ததும் மாளிகைக்காரர் கூப்பிட்டார். மேனேஜர் வேலை. போய்விட்டான்.

"நாலு புள்ளைங்கள வெச்சிக்கினு அவன் இன்னா பண்ணுவான் அண்ணே?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"எனக்கு இல்லியா புள்ள? நான் போனனா?" என்றார். "ராஜகோபாலு, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். அவன் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்."

அந்த நேரத்தில்தான் கோதண்டபாணி அண்ணனின் ஒரே மகள் நீலாம்பாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். மாகறல் பக்கம் விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். வாய் ஓயாத பெண். மகளுக்குக் கடையின் நிலைமை தெரியக்கூடாது என்று பெரியநாயகி அண்ணி பழைய அளவுக்கே உலை வைத்தாள். மீந்த சோற்றை யார் யாருக்கோ கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தாள். எனக்கே ராத்திரிக்கும் சேர்த்து வந்தது. ஆனால் நீலாம்பாள் கண்ணை மறைக்க முடியுமா?

"இன்னாமா, கட்டுக் கட்டா எல வாடிக்கினு கெடக்குது. ஆளுங்களே வர்லியா?"

"இன்னிக்கு நவமிடி. நவமில யாரு பட்டு எடுப்பா?"

"நேத்து அஷ்டமின்ன. நாளிக்கு இன்னா சொல்லுவ?"

அண்ணி கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

புரட்டாசியில் கோதண்டபாணி அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். மெட்ராஸில் வண்ணாரப்பேட்டையில் அவர் மச்சான் ஓட்டல் வைத்திருந்தான். மகளுக்குப் பிரசவம் ஆனதும் அங்கே சரக்கு மாஸ்டராகப் போய்விடுவது. பாத்திரங்களை விற்றுவிடுவது. இதை அவர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். அறுபதை நெருங்குகிற மனிதர், இன்னொருவர் அடுப்படியில் போய் நிற்கப்போகிறார்.

அதற்கு மறுநாளோ என்னவோ, வெயில் உச்சியில் நிற்கும்போது கலியன் வந்தான். பிள்ளையார்பாளையத்து நெசவாளி. வேட்டித் துணியில் சுற்றிய புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளாடி வந்து அண்ணன் கடை வாசலில் அப்படியே குந்திவிட்டான்.

"தண்ணி," என்றான்.

அண்ணி செம்போடு ஓடிவந்தாள். குடித்து முடித்து மூச்சு வாங்கினான்.

"எங்கப்பா போய்க்கினு வர இந்த வெயில்ல?"

"மாளிகைக்குத்தான்மா. பொடவை குடுக்க. காத்தால போனவன். பின்வாசல்ல நிக்கணும். அவுங்க கூப்புட்டாதான் உள்ள போவணும். இன்னிக்கு என் மொறை வர்ல. நாளிக்கு வான்னுட்டாங்க."

"அங்கதான் பெரிய ஓட்டலு இருக்குதே. ஒரு வாய் சாப்புட்டு வரக்கூடாது?"

கலியன் சிரித்தான். "யாரும் வராதன்னு சொல்லல. ஆனா இந்த அழுக்கு வேட்டியோட அந்த நாற்காலில குந்துனா, பட்டு எடுக்க வந்தவங்க திரும்பித் திரும்பிப் பாக்குறாங்கமா. சோறு எறங்க மாட்டேங்குது. முந்தி இந்தத் தெருவுக்குப் பொடவை எடுத்தாந்தா, கடையில குடுத்துட்டு இப்பிடி வந்து இங்க ஒரு கை சாப்புட்டுப் போவோம். இப்ப எல்லாரும் அந்தச் செவுத்தோரம் காஞ்சிக்கினு கெடக்குறோம்."

"எத்தினி பேரு இருப்பீங்க?"

"நம்ம பேட்ட ஆளுங்க பாதி அங்கதான்."

கோதண்டபாணி அண்ணன் இலை போட்டார். கலியன் மூன்று முறை சோறு கேட்டு வாங்கினான். வெகு நாளைக்குப் பிறகு அந்தக் கடையில் ஒரு மனிதன் பசியோடு சாப்பிட்டான். அண்ணி நிலைப்படியில் சாய்ந்து அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தாள். "தம்பி, உன் டிரைசைக்கிள் வண்டி சும்மாதானே நிக்குது? நாளிக்கு மாளிகை வரைக்கும் மிதிப்பியா?"

அவர்கள் கடைக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. "யாரும் எங்கியும் போவ வேணாம்."

"அவுங்க நம்ம ஆளுங்க. இந்த வூட்டுச் சோறு சாப்புட்டவங்க. வெயில்ல காயுறாங்க."

"அதுக்கு? அவன் வாசல்ல போயி சோத்துக் கூடையோட நிக்கிறதா? அந்த சிட்டிபாபு பாத்துச் சிரிக்கிறதுக்கா?"

"நீங்க வர வேணாம்," என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவே இல்லை. "சோறு போவட்டும்."

மறுநாள் புளிசாதமும் தயிர்சாதமும் இரண்டு தவலைகளில் ஏறின. கடலைத் துவையல் ஒரு தூக்கில். மந்தாரை இலைக் கட்டு, ஒரு குடம் மோர். அண்ணன் திண்டில் சாய்ந்து பேப்பர் படிப்பதுபோல இருந்தார். ஆனால் வண்டி கிளம்பும் முன் எழுந்து வந்து, தவலையின் வாய்க்கட்டுத் துணியை இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரயில்வே கேட்டருகே மேடு. அண்ணி இறங்கிப் பின்னால் தள்ளினாள். மாளிகையின் முன்பக்கம் கண்ணாடியும் வாழைமரத் தோரணமுமாக மின்னியது. பின்பக்கம் மொட்டைச் சுவர். அதன் ஒட்டு நிழலில் நெசவாளிகள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவன் மடியிலும் ஒரு துணிச் சுற்று. கலியன்தான் முதலில் பார்த்தான்.

"டேய், பெரியநாயகி அம்மாடா!"

எழுந்தவர்கள் சட்டென்று வண்டியை நெருங்கவில்லை. புடவையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அண்ணி தன் முந்தானையைத் தட்டி, வண்டியின் தட்டிலேயே ஒரு சுத்தமான வேட்டியை விரித்தாள். "இதும்மேல வையிங்கபா. நான் பாத்துக்கிறேன்." அப்புறம்தான் கை நீண்டது. புளிசாதம் வாய்க்குள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

காவலாளி விசிலோடு வந்தான். பின்னாலேயே வெள்ளைச் சட்டையில் சிட்டிபாபு. அண்ணியைப் பார்த்ததும் அவன் நடை தளர்ந்தது.

"அண்ணி... இங்க வெச்சி விக்கக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு."

"விக்க வர்லப்பா. சோறு போட வந்தேன். காசு குடுக்குறவங்க குடுக்கட்டும்."

சிட்டிபாபு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "செவுத்துக்கு அந்தாண்ட புளியமரம் இருக்குது பாருங்க. அது எங்க எல்ல இல்ல. அங்க வண்டிய நிறுத்திக்குங்க. நெழலும் இருக்குது." கொஞ்சம் நின்று கேட்டான். "அண்ணன் நல்லாக்குறாரா?"

"நல்லாக்குறாரு."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கோதண்டபாணி அண்ணன் பொரிந்தார். "அவன் காட்டுன நெழல்ல குந்தி ஏவாரம் பண்றியா?" ஆனால் காலியான தவலைகளை அவரே கிணற்றடிக்கு எடுத்துப்போய்த் தேய்த்தார். தினமும் விடியலில் அவர்தான் புளி கரைத்தார், அவர்தான் தாளித்தார். மாளிகைக்கு மட்டும் வரவில்லை. மெட்ராஸ் பேச்சும் மெல்ல மெல்ல நின்றுபோயிற்று.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நானும் அண்ணியும் புளியமரத்தடியில் வண்டிக்கு மேலே தார்ப்பாய் கட்டிப் பரிமாறிக்கொண்டிருந்தோம். ரோட்டில் ஒரு சைக்கிள் தறிகெட்டு வந்தது. என் கடை சைக்கிள். மேலே கோதண்டபாணி அண்ணன். வேட்டி முழுக்கச் சேறு. கேட்டருகே ஒரு தடவை விழுந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

"பெரியநாயகி! புள்ளைக்கு வலி கண்டுடுச்சி!"

"நாள் இருக்குதே இன்னும்!"

"மரியம்மாள் வந்து பாத்துச்சி. கொழந்த குறுக்க கெடக்குதாம். இங்க ஆவாது, ஒடனே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொல்லுது." மரியம்மாள் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ். பதறாத பெண்மணி. அவள் உடனே என்றால் உடனேதான். "பஸ் ஸ்டாண்டுல ஒரு டாக்சி இல்ல. எல்லாம் இங்கதானே நிக்குது! ஒண்ணு கூடவா இல்ல?"

திடலில் டாக்சிகள் நின்றன. எல்லாம் கூட்டத்தோடு வந்தவை. நான் ஓடி ஓடிக் கேட்டேன். எங்கள் ஊர் டாக்சிக்காரர் ஒருவர்தான் கிளம்ப எழுந்தார். அதற்குள் அவர் வண்டிக்குரிய குடும்பம் பெட்டிகளோடு ஏற வந்துவிட்டது. அவர் கையைப் பிசைந்தார்.

திரும்பிப் பார்த்தால் கோதண்டபாணி அண்ணனைக் காணோம். மழையில் நனைந்து, சேறு சொட்ட, மாளிகையின் முன்வாசல் பளிங்குப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். பட்டு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். காவலாளி தடுக்கப்போனான்.

"சிட்டிபாபூ!" என்று கத்தினார். அந்தக் குரலில் கோபம் இல்லை. தம்பியை விளிக்கிற குரல்.

சிட்டிபாபு விரித்த புடவையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். அண்ணன் வாய் குழறியது. "நீலா... நம்ம நீலா..." அதற்குமேல் வரவில்லை. பின்னால் ஓடிவந்த நான் சொல்லி முடித்தேன்.

மாளிகைக்குச் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. மெட்ராஸிலிருந்து ரயிலில் வருகிற பெரிய இடத்துக் கல்யாணக் கூட்டத்தைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போகத் தயாராக நின்றது.

"வண்டிய எடு," என்றான் சிட்டிபாபு டிரைவரிடம்.

"சார், ஸ்டேஷன்ல பார்ட்டி... மொதலாளிக்குத் தெரிஞ்சா..."

"நான் சொல்லிக்கிறேன். நீ எட்றா வண்டிய. அண்ணன் வூட்டுல புள்ளைய ஏத்திக்கினு நேரா செங்கல்பட்டு."

அண்ணியும் அண்ணனும் ஏறினார்கள். கதவைச் சாத்தும் முன் கலியனும் இன்னும் இரண்டு நெசவாளிகளும் தாவி ஏறினார்கள். "செங்கல்பட்டுல ரத்தம் கேட்டாலும் கேப்பாங்க," என்றான் கலியன். அவன் கையிலிருந்த புடவையைச் சிட்டிபாபுவிடம் நீட்டினான். விலை பேசவில்லை. "நீயே வெச்சிக்க. அப்புறம் பாத்துக்கலாம்."

நான் வண்டியோடும் பாத்திரங்களோடும் மழையில் நின்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கழுவிவிட்டு எனக்காகத் தவலைகளைக் கட்டினார்கள். கேட்டு மேடு வரைக்கும் வண்டியைத் தள்ளிவிட்டார்கள்.

செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். ரத்தம் கேட்டார்கள். கலியனுடையது சேர்ந்தது. பொழுது இறங்குவதற்குள் தகவல் வந்துவிட்டது. பெண் குழந்தை. தாயும் நலம். கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னாளாம். அந்த வார்த்தையைக் கோதண்டபாணி அண்ணன் ஊருக்கு வந்தபின் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு என் கடை பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெகு நேரம் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீலாம்பாளோடு அண்ணி தங்கினாள். நெசவாளிகளுக்குச் சோறு? நான் கேட்பதற்கு முன்னாலேயே அண்ணன் தவலைகளை வண்டியில் ஏற்றிவிட்டு, தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். "மிதிடா," என்றார். புளியமரத்தடியில் அவர் பரிமாறிய அழகைப் பார்க்க வேண்டும். கலியன் இலையில் மட்டும் அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. கலியன் நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் அவன் முகத்தைப் பார்க்காமல் நெய்யை ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"போதுங்க, பொங்கலு முழுவிடப் போவுது," என்றான் கலியன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

வேனுக்காக முதலாளி சிட்டிபாபுவை நிற்கவைத்துப் பேசினாராம். வேலை போகும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். போகவில்லை. அதற்குக் காரணமும் நெசவாளிகள்தான். அந்த மழைக்காலத்தில் பட்டை நனையாமல் அவ்வளவு தூரம் கொண்டுபோவது பெரும்பாடு. நனைந்தால் சரிகை கறுக்கும் என்று பலர் வேறு கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சரக்கு குறைந்ததும் முதலாளி இறங்கி வந்தார். ஊருக்குள்ளேயே ஒரு இடம் பிடித்து, அங்கே புடவையை வாங்கி, வேனில் மாளிகைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று சிட்டிபாபு பேசிப் பேசி அவரைச் சம்மதிக்கவைத்தான். அவன் பிடித்த இடம் எங்கள் தெருவில் மூடிக் கிடந்த பழைய பட்டுக் கடை.

கல்யாணக் கூட்டங்கள் முன்போல எங்கள் தெருவுக்குத் திரும்பவே இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பாத்திரக் கடை மூடியது மூடியதுதான். ஆனால் தை பிறந்ததிலிருந்து தினமும் காலையில் பிள்ளையார்பாளையத்து ஆட்கள் துணிச் சுற்றோடு தெருவுக்குள் வந்தார்கள். தறிப் பாவு பற்றியும் பிள்ளைகளின் படிப்பு பற்றியும் சத்தமாகப் பேசினார்கள். பஞ்சர் ஒட்ட என்னிடம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். கோதண்டபாணி அண்ணன் கடையில் இலை தீர்ந்து, அண்ணி பக்கத்து வீட்டுக் கொல்லையில் வாழையிலை அறுத்த நாட்களும் உண்டு. நாங்கள் பிழைத்தோம். பட்டு நெய்கிற கைகளால்தான் பிழைத்தோம்.

புடவை வாங்குகிற அந்த இடம் திறந்த முதல் நாள் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பனி விலகாத வேளை. சிட்டிபாபு சுவரில் மாட்டிய சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, புதுப் பாயில் தனியாக உட்கார்ந்திருந்தான். நெசவாளிகள் இன்னும் வரவில்லை. எதிரே தாய்வீட்டுக்குள் நீலாம்பாள் குழந்தையோடு இருந்தாள். கோதண்டபாணி அண்ணன் விடியலிலிருந்தே நிலைகொள்ளவில்லை. தோளில் சுத்தமான துண்டைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். வேன் ஓடிய நாளுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நின்று பேசியிருக்கவில்லை. என்ன சொல்வது என்று அவர் பல நாள் யோசித்துவைத்திருக்கிறார் என்று அண்ணி என்னிடம் சொல்லியிருந்தாள்.

தெருவைக் கடந்து போனார். வாசலில் நின்றார். சிட்டிபாபு சட்டென்று எழுந்தான். அண்ணன் உதடு அசைந்தது. கை இரண்டும் கூப்புவதற்கு எழுந்து, பாதியில் நின்று, துண்டைப் பிடித்துக்கொண்டன. யோசித்துவைத்த எதுவும் அவருக்கு வரவில்லை என்று தெருவின் இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரிந்தது.

"சாப்ட்டியாடா?" என்றார் கடைசியில்.

சிட்டிபாபுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னும் இல்லண்ணா."

"வா," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.